சம்பந்தி காரில் தண்ணீர் குறைந்த விதம்

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. இது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. படித்தவர்களுக்குச் சுத்தமாகத் தெரிவதில்லை. திறந்து, முகத்தை வேகவைத்துக்கொண்டு, அப்புறம் காரைத் திட்டுவார்கள். நீங்களும் கார் வைத்திருக்கிறீர்கள், வரும்போது ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். ஆறவிட்டுத் திறங்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எழுதுகிறவரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். நான் சொல்வதைத்தான் எழுதுகிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் படித்துவிடுவேன்.

எனக்கு ஒரு கார் பட்டறை. இரும்பு ஷட்டர், நடுவில் காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, மூலையில் ஒரு மேசை, அவ்வளவுதான். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதில்லை. ஆள் வைத்தால் முதலில் ஸ்பேனர் காணாமல் போகும், அடுத்து வாடிக்கைக்காரர் காணாமல் போவார்.

சம்பந்தி என்று நான் சொல்வது என் மகளின் மாமனாரை. எடை, அளவு சரிபார்க்கும் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு சோதிக்கத் தராசு கிடைக்காமல், வீட்டில் இருப்பதையெல்லாம் அளக்க ஆரம்பித்துவிட்டார். பால் பாக்கெட்டை எடை போடுவார். சோப்புக் கட்டியை எடை போடுவார். சம்பந்தியம்மா என் மனைவியிடம் ஒரு தடவை சொன்னார்கள்: "என்னை ஒருத்தியைத்தான் இன்னும் எடை போடல. அதுவும் தராசு உடைஞ்சிடும்னு பயம்."

நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் கிடையாது.

அவர் கார் ஒரு நாள் வழியில் கொதித்து நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தோம். இன்ஜினைப் பிரித்தேன், சரி செய்தேன், மூடினேன். இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். இன்ஜின் என்பது கீழே ஒரு பாதி, மேலே ஒரு பாதி. இரண்டுக்கும் நடுவில் தகடு மாதிரி ஒன்று உட்காரும். கேஸ்கட் என்று பெயர். இன்ஜினுக்குள் நெருப்பு ஒரு வழியில், ஆயில் ஒரு வழியில், தண்ணீர் ஒரு வழியில் போகின்றன. மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமல் வைத்திருப்பது அந்தத் தகடு. ஒரே வீட்டில் மாமியார், மருமகள், நாத்தனார் மூவரையும் தனித்தனி அறையில் குடிவைப்பது போல. தகடு விட்டுப்போனால் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே ஒழுகும். நெருப்பில் வெந்து புகையாகப் போய்விடும். தரையில் ஒரு சொட்டு விழாது. தண்ணீர் என்கிறேன், அது வெறும் தண்ணீர் இல்லை. பச்சையாக, இனிப்பாக ஒரு மருந்து கலந்தது. கூலன்ட் என்பார்கள்.

இன்ஜினைப் பிரித்தால் புதுத் தகடுதான் போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கடைக்காரன் சொல்லிக்கொடுத்த பாட்டு அது. இப்போது வருகிற புதுசெல்லாம் போலி. அதனால் பழையதையே கழுவி, தேய்த்து, இரண்டு பக்கமும் பசை தடவிப் போட்டேன். போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம் என்று முள் காட்டுகிற ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. அந்த முள் யார் பேச்சைக் கேட்டு நகர்கிறது என்று எனக்குத் தெரியாது. என் மணிக்கட்டு போதும் என்று சொன்னதும் நிறுத்தினேன்.

கார் வீட்டுக்குப் போனது. தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

சாதாரண மனிதராக இருந்தால் குறைந்ததை ஊற்றிக்கொண்டு ஓட்டியிருப்பார். இவர் அளவு ஜாடி வைத்து ஊற்றினார். காருக்கு அடியில் பேப்பர் விரித்துவைத்து, காலையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு பேத்தியின் பிறந்தநாள் அன்று, இரண்டு குடும்பமும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. கார்ல தண்ணி உள்ளதான் ஒழுகுது."

"வெளிய ஒழுகும் சம்பந்தி. ஹோஸ், கிளிப்பு, பம்ப்பு, எங்கயாவது இருக்கும். நல்லா பாருங்க."

"பேப்பர் காஞ்சு கிடக்கு சம்பந்தி. ஸ்டார்ட் பண்ணா வெள்ளை வெள்ளையா புகை வருது. இனிப்பா ஒரு வாசனை வேற. ஆயில் அளக்குற குச்சியை எடுத்துப் பாத்தா ஆயில் பால் டீ மாதிரி இருக்கு."

"காலைல எல்லா வண்டியும் புகை விடும். குளிர்ல எனக்கே வாயில புகை வருது."

"உங்க வாயில இனிப்பு வாசனை வராதே, சம்பந்தி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரித்தாள். என் மகள், நான் தோளில் தூக்கி வளர்த்தவள், வாயில் இருந்த சாதம் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சம்பந்தி சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும். என் கை பட்ட இன்ஜின் உள்ளே ஒழுகுகிறது என்று என் பெண்டாட்டி பிள்ளை முன்னால் சொல்லிவிட்டார், அதுவும் மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொல்கிறவரைத் திருப்பித் திட்டவும் முடியாது. அவர் சொன்னதை அவர் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

அடுத்த நாளே அவரைப் பட்டறைக்குக் கூப்பிட்டேன். "நீங்களே கீழ இறங்கி, உங்க கண்ணால பாருங்க சம்பந்தி. இன்ஜினை ஓட விடுறேன். எங்க சொட்டுதுன்னு தெரிஞ்சிடும்" என்றேன். சந்தோஷமாக வந்தார். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் அவரே கொண்டுவந்திருந்தார். குழிக்குள் இறங்கி, வசதியாக ஒரு முக்காலி கேட்டார். கொடுத்தேன். காரைக் குழிக்கு மேலே ஓட்டி நிறுத்தினேன்.

என் குழி சின்னது. படிகள் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து கார் மூடிக்கொள்ளும். சம்பந்தி கொஞ்சம் பூசின உடம்பு. அது என் குற்றம் இல்லை. பிறகு நான்கு சக்கரங்களையும் கழற்றிவிட்டுக் காரைக் கட்டைகள்மேல் இறக்கினேன். அவரை அடைத்துவைக்கத்தான் சக்கரத்தைக் கழற்றினேன் என்று என் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். தப்பு. கார் வந்தது வந்துவிட்டது, பிரேக்கையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

இன்ஜினை ஓடவிட்டேன். புகைக்குழாயில் ஒரு பெரிய குழாயைச் செருகி வாசலுக்கு வெளியே விட்டேன். குழிக்குள் புகை போனால் ஆள் செத்துவிடுவான். நான் கொலைகாரன் இல்லை. அவர் ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வலிக்கிறது என்றார். பிறகு சொன்னார்:

"சம்பந்தி, ஒண்ணும் சொட்டல. உள்ளதான்."

"அவசரப்படாதீங்க சம்பந்தி. நல்லா சூடேறணும்."

"சரி. அது வரைக்கும் கொஞ்சம் மேல வந்து உட்காரலாமா?"

"நீங்க வந்த நேரம் பாத்து சொட்டிடுச்சுன்னா?"

யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்றார். அவர் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர்.

அன்று சொட்டவில்லை. மறுநாளும் சொட்டவில்லை. எத்தனை நாள் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் எண்ணவில்லை. எண்ணுவது அவர் பழக்கம்.

சாப்பாடு கொடுத்தேன். காருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை, அதனால் தட்டையாக இருப்பது எதுவோ அதைத்தான் தள்ள முடிந்தது. ரொட்டி, ஆம்லெட், பிஸ்கட். டீ டம்ளர் நுழையவில்லை. ஒரு ரேடியேட்டர் ஹோஸை விட்டு, மேல் முனையில் புனல் வைத்து ஊற்றினேன். புது ஹோஸ்தான். ஒரு வாளியையும் போர்வையையும் முதல் நாளே சக்கரம் கழற்றும் முன் உள்ளே போட்டிருந்தேன். முன்கூட்டியே போட்டதால் திட்டம் போட்டுச் செய்தேன் என்கிறீர்கள். விருந்தாளிக்கு வேண்டியதை முன்கூட்டித்தான் எடுத்து வைப்பார்கள்.

மாத்திரை விஷயம். ரத்த அழுத்தத்துக்கு அவர் தினமும் சாப்பிடுகிற மாத்திரை காருக்குள் இருந்தது. பாதி உடைத்துக் கொடுத்தேன். டாக்டர்கள் எப்போதும் கூடுதலாகத்தான் எழுதுவார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அவர் போன் காருக்குள்தான் இருந்தது. சம்பந்தியம்மா கூப்பிடும்போதெல்லாம் நான்தான் எடுத்தேன், ஒளிக்கவில்லை. "இங்கதான் இருக்கார், கார் அடியில" என்று உண்மையைத்தான் சொன்னேன். "இருக்கட்டும். இங்க இருந்தா உப்பு டப்பாவை எடை போடுவார்" என்று சிரித்தார்கள். போனை இடைவெளிக்குள் நீட்டினேன். அவரும், "வேலை இன்னும் முடியல. சம்பந்தி நல்லா பாத்துக்கிறார்" என்றுதான் சொன்னார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாக என்னிடம், "வெளிய தெரிஞ்சா புள்ளைங்க வாழ்க்கையில சங்கடம் சம்பந்தி. நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்" என்றார். அவர் மகன் வீட்டில் என் மகள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று குழிக்குள் உட்கார்ந்தபடி அவர் கவலைப்பட்டார். கத்தாதவரை நான் அடைத்துவைத்தேன் என்று நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் குரல் கொடுத்தார். "சம்பந்தி, சொட்டுது. வெளியதான் ஒழுகுது. நீங்க சொன்னதுதான் சரி. காரைத் தூக்குங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருந்தாலும் எதையும் பார்க்காமல் நம்புகிற ஆள் நான் இல்லை. "அந்த சொட்டை ஒரு பேப்பர்ல பிடிச்சு நீட்டுங்க" என்றேன். நீட்டினார். நக்கிப் பார்த்தேன். டீ.

"சம்பந்தி, நான் உங்க இன்ஜின்ல டீ ஊத்தல."

"கால் ரெண்டும் வீங்கிடுச்சு சம்பந்தி" என்றார்.

நீங்களே சொல்லுங்கள். வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி வெளியே வருகிறவர், வெளியே வந்ததும் வேறு பேசமாட்டார் என்று என்ன நிச்சயம்? எனக்குப் பொய்யான ஒப்புதல் வேண்டாம். அதனால் நிஜமாகவே ஒரு ஒழுகலை உண்டாக்கிக் கொடுப்பதுதான் முறை என்று தோன்றியது. மறுநாள் பானெட்டைத் திறந்து, கீழ் ஹோஸில் ஒரு ஆணியை இறக்கி உருவினேன். பச்சைத் தண்ணீர் நேராக அவர் தோளில் சொட்டியது.

"இப்ப என்ன சொல்றீங்க சம்பந்தி?"

டார்ச் வெளிச்சம் நகர்வது தெரிந்தது. பூதக்கண்ணாடியை எடுத்திருப்பார். முந்தின நாள் பொய் சொல்லத் துணிந்த மனிதர், நிஜமான ஓட்டை ஒன்றைப் பார்த்ததும் பழைய அதிகாரியாகிவிட்டார்.

"ஓட்டை வட்டமா இருக்கே. ரப்பர் தானா வெடிச்சா கோடு மாதிரி கீறும். இது ஆணி. ரெண்டு இன்ச் இருக்குமா?"

"மூணு" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"ரொம்பப் புதுசு சம்பந்தி, ஓரத்துல தூசிகூட ஒட்டல. இதை ஒழுகல்னு என்னால சொல்ல முடியாது. சாமான் தட்டுக்கு அடியில புளியை ஒட்டி எடை கூட்டுன தராசெல்லாம் பாத்துட்டு வந்தவன் நான். என்னை இங்கயே வச்சிருங்க, பரவாயில்ல. ஆனா இதுக்கு முத்திரை குத்த முடியாது."

கால் வீங்கி, கழுத்துத் திரும்பாமல், தோளில் கூலன்ட் வழிய உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறார். எனக்கே அவர்மேல் ஒரு மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததால் விட்டுவிட முடியவில்லை. மதிப்பான ஆள் தப்பாகச் சொன்னால்தான் ஊர் நம்பும்.

அப்போது அவரே ஒரு வழி சொன்னார். "டிக்கியில ஒரு பெட்டி இருக்கு. போன வாரம் வாங்கினது. ரேடியேட்டர் வாயில வச்சுப் பாக்குற சோதனைக் குப்பி. உள்ள நீலமா ஒரு மருந்து இருக்கும். தண்ணியில நெருப்போட புகை கலந்திருந்தா மஞ்சளா மாறிடும். கலக்கலன்னா நீலமாவே இருக்கும். மருந்து பொய் சொல்லாது சம்பந்தி. நீலமாவே இருந்தா உங்க கால்ல விழுறேன்."

"நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா பாக்கலாம்" என்றும் சொன்னார். எனக்கு எதற்கும் கூட்டாளி ஒத்துவராது.

ஹோஸை மாற்றினேன். தண்ணீரை நிரப்பி இன்ஜினை ஓடவிட்டேன். குப்பியை ரேடியேட்டர் வாயில் வைத்து, மேலே இருந்த ரப்பர் பந்தை அமுக்கினேன். நீலத்துக்குள் குமிழ்கள் ஏறின. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீழே இருந்து, "என்ன ஆச்சு சம்பந்தி? என்ன நிறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இருங்க, மருந்து வேலை செய்ய நேரமாகும்" என்றேன்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, ஷட்டரைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் வந்தேன். வந்து குப்பியின் வாயை மூடி, படுக்கவைத்து இடைவெளிக்குள் நீட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். நல்ல நீலம்.

டார்ச்சை அணைத்தார். பிறகு அழுகிற சத்தம் கேட்டது. பெரியவர்கள் அழுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு நின்று கேட்டேன்.

"என்னை மன்னிச்சிடுங்க சம்பந்தி. அடுத்தவன் தராசை சந்தேகப்பட்டே பழகிட்டேன். எல்லார் முன்னாடியும் உங்க வேலையைக் குறை சொல்லிட்டேன். உங்க இன்ஜின் உள்ள ஒழுகல."

மனசு குளிர்ந்துவிட்டது. அப்போதே காரைத் தூக்கியிருக்கலாமே என்பீர்கள். தூக்கியிருக்கலாம். ஆனால் குழிக்குள் சொன்னது குழிக்குள்ளேயே நின்றுவிடும். சாப்பாட்டு மேசையில் அதே தழுதழுப்போடு சொல்வாரா? ஆளைப் பார்த்ததும் கூச்சத்தில் இரண்டு வார்த்தை விழுங்கிவிட்டால்? நன்றாகப் படியட்டும் என்று காலையிலும் மாலையிலும் ஒரு தடவை சொல்லச் சொன்னேன். அவரும் முகம் சுளிக்காமல் சொன்னார். நான்தான் திருத்தினேன். "உள்ள ஒழுகலங்கிற இடத்துல கொஞ்சம் அழுத்துங்க சம்பந்தி. பந்தியில கடைசி ஆளுக்கும் கேக்கணும்." போகப்போக அவருக்குக் குரல் எழும்பவில்லை. மூச்சு வாங்கியது. அதுவும் கேட்கிறவர்களுக்கு உருக்கமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கெடுத்தது என் மனைவி. துணி துவைக்க சொட்டு நீலத்தைத் தேடியிருக்கிறாள். பாட்டிலைக் காணோம். வீட்டுக்கு வந்து நான் எடுத்துக்கொண்டு போனதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். உடனே மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா நீலம் எடுத்துட்டுப் போயிருக்கார்டி, எனக்கு பயமா இருக்கு" என்றாளாம். கட்டின நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட நான் துவைத்ததில்லை. அதற்காக ஒருத்தி இப்படிச் சந்தேகப்படலாமா? வீட்டில் இருப்பவர்களை நம்பி எதையும் செய்ய முடியாது.

மகள் வந்தபோது மாலை ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அப்பா, கீழ யாரு?"

"உங்க மாமனார்தான். பேசிப் பழகுறார்."

"எதுக்கு சக்கரம் இல்ல?"

"பிரேக் பாக்குறேன்."

"இத்தனை நாளா பாக்குறீங்களா?"

அவள் பட்டறையில் வளர்ந்த பெண். பதிலுக்குக் காத்திருக்காமல் ஜாக்கியை இழுத்துவந்து, முன்பக்கத்தைத் தூக்கி, கட்டைகளை அடுக்கினாள். ஜாக்கியைச் சரியான இடத்தில்தான் வைத்தாள். அது நான் சொல்லிக்கொடுத்தது. சம்பந்தியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவர் உட்கார்ந்த வாக்கிலேயே வந்தார். நிமிர வரவில்லை. தலை மட்டும் மேலே பார்த்தபடி நின்றுவிட்டது.

"மாமா, என்ன மாமா இது."

"ஒண்ணும் இல்லம்மா. அப்பாவை எதுவும் சொல்லாத. நான்தான் தப்பா அளந்துட்டேன். நீலம் மாறவே இல்ல. நான் பாத்தேன்."

அவள் மேசையில் இருந்த குப்பியை எடுத்தாள். முகர்ந்தாள். தன் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, இது நம்ம வீட்டு சொட்டு நீலம்" என்றாள். அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கிருந்து உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஒரு பக்கம் கை கால் வரவில்லை என்று சொல்கிறீர்கள். அந்த நிலையிலும் அவர் புகார் கொடுக்க மறுத்து, "சம்பந்தி மேல தப்பு இல்ல" என்று குழறிக் குழறிச் சொல்கிறாராம். பார்த்தீர்களா, எவ்வளவு நன்றாகப் படிந்திருக்கிறது.

முழுதாக ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. குழியில் இறக்கியது நான். சக்கரத்தைக் கழற்றியது நான். மாத்திரையை உடைத்தது, ஆணி குத்தியது, சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கரைத்துக் காட்டியது, எல்லாம் நான்தான். குப்பியில் இருந்த அசல் மருந்தை வாஷ்பேசினில் கொட்டினேன். அது மஞ்சளாகத்தான் மாறியிருந்தது. பந்தை அமுக்கிய கொஞ்ச நேரத்திலேயே மாறிவிட்டது.

ஆனால் இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முழு மஞ்சள் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் பச்சை இருந்தது. அதை வைத்துக்கொண்டு உள்ளேதான் ஒழுகுகிறது என்று யாரும் அடித்துச் சொல்லிவிட முடியாது. சம்பந்திக்கு உடம்பு தேறட்டும். இன்னும் ஒரே ஒரு தடவை இறங்கிப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும்.